கணையத்தின் கதை – 17: சந்தேகப்படத் தெரிந்தவர்கள்

சென்ற அத்தியாயத்தை 1987இல் நிறுத்தியிருந்தோம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் டாட், ஜான் பெல், ஹியூ மெக்டெவிட் மூவரும் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த எச்.எல்.ஏ. புரதம் ஒன்றின் 57ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்று பார்த்தே டைப் 1 நீரிழிவு வரும் வாய்ப்பைப் பற்றி ஏதோ சொல்ல முடியும் என்று காட்டியிருந்தார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் அது பாதிக் கணக்கு.

ஐரோப்பிய மக்களிடையே இந்த நோய் ஆயிரத்தில் நான்கு பேருக்கு வருகிறது. அண்ணனுக்கு வந்திருந்தால் தம்பிக்கோ தங்கைக்கோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு. ஏறத்தாழ 15 மடங்கு. இந்தக் குடும்பச் சாயலில் பாதியை எச்.எல்.ஏ. தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. மீதிப் பாதி எங்கே? அதைத் தேடிப் போனவர்களின் கதை இது. இவர்களில் பலர் ஊசியும் குப்பியுமாகத் திரிந்தவர்கள் அல்லர். காகிதமும் கணினியுமாக உட்கார்ந்தவர்கள். நோய்க்கு மரபணு கண்டுபிடித்தவர்கள் என்று பத்திரிகைகள் எழுதும்போது இவர்கள் பெயர் கட்டுரையாசிரியர் பட்டியலின் நடுவில் எங்காவது நின்றுவிடும்.

மீதிப் பாதிக்கான முதல் துப்பு 1984இலேயே கிடைத்திருந்தது. கிரேம் பெல், ஹொரிட்டா, காரம் ஆகியோர் 11ஆம் குரோமோசோமில் இன்சுலின் மரபணுவுக்குச் சற்று முன்னால் ஒரு விசித்திரமான துண்டைக் கவனித்தார்கள். (இந்த பெல் வேறு, ஸ்டான்ஃபோர்டின் பெல் வேறு. இந்தத் துறையில் பெயர்கள் இப்படித்தான் காலை வாரும்.) பதினான்கு பதினைந்து எழுத்துள்ள ஒரு சின்னத் தொடர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு முப்பது நாற்பது தடவை. சிலருக்கு நூற்றைம்பதைத் தாண்டி. நீரிழிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது, நோயாளிகளிடம் குட்டை வடிவம் கூடுதலாக இருந்தது.

இன்சுலின் இல்லாமல் போகும் நோய்க்கு இன்சுலின் மரபணுவின் வாசலிலேயே காரணம்! இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? அப்படி அழகாகப் பொருந்தியதாலேயே பலர் நம்பத் தயங்கினார்கள். தயங்கியதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் இருக்கும் குடும்பங்களை எடுத்து, அவ்விருவரும் அந்த இடத்தில் ஒரே பிரதியைப் பெற்றோரிடமிருந்து வாங்கியிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எதுவும் தென்படவில்லை. நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டால் தொடர்பு இருக்கிறது. குடும்பங்களுக்குள் பார்த்தால் இல்லை. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று தோன்றியது.

பொய் சொல்வது முதல் முறையாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்க வலுவான முன்னுதாரணம் ஒன்று 1988இல் அச்சேறியது. அதுவும் நீரிழிவைப் பற்றியதுதான், ஆனால் டைப் 2. அரிசோனாவின் பூர்வகுடிகளான பீமா, பாப்பாகோ மக்கள் 4,920 பேரை வில்லியம் நோலரும் தோழர்களும் ஆராய்ந்தார்கள். இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட மரபு அடையாளம் இருந்தவர்களில் நீரிழிவு 8 சதவீதம். இல்லாதவர்களில் 29 சதவீதம். இந்த அடையாளம் நோயிலிருந்து காக்கிறது என்றுதானே யாரும் முடிவுகட்டுவார்கள்? உண்மை அதுவல்ல. அந்த அடையாளம் ஐரோப்பியரிடமிருந்து கலந்து வந்தது. அதைச் சுமந்தவர்களுக்கு ஐரோப்பிய முன்னோர் கூடுதல். ஐரோப்பியரிடம் நீரிழிவு குறைவு. எத்தனை பங்கு பூர்வகுடி வம்சம் என்று பிரித்துப் பார்த்தவுடன் அடையாளத்துக்கும் நோய்க்கும் இருந்த உறவு கரைந்துபோயிற்று. வம்சாவளி வேறுபாடுதான் மரபணுவின் முகமூடியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

இந்த முகமூடியை நன்றாக அறிந்த ஒருவர் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்பீல்மன். மிச்சிகனில் ஜேம்ஸ் நீலிடம் ஆய்வு செய்தவர். பஞ்ச காலத்தில் உயிர் காத்த மரபணுக்கள் வளமான காலத்தில் நீரிழிவைத் தருகின்றன என்று 1962இல் சொன்னாரே, அதே நீல். ஸ்பீல்மனின் இளமைக்கால ஆய்வு அமேசான் காட்டின் யானொமாமா மக்களைப் பற்றியது. ஒரே இனம், ஒரே காடு. ஆனாலும் பேச்சு வழக்கு பகுதிக்குப் பகுதி மாறுவதுபோல மரபுக் கூறுகளும் மாறுகின்றன என்று 1974இல் எழுதியிருந்தார். மக்கள் கூட்டம் என்பது ஒரே மாவு அல்ல என்பதை களத்தில் நின்று படித்தவர் என்றே சொல்லலாம்.

அவரும் ரால்ஃப் மெக்கின்னிஸும், கூடவே ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் வாரன் யூவன்ஸும் சேர்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யூவன்ஸ் ஏற்கெனவே மக்கள்தொகை மரபியலில் தன் பெயரிலேயே ஒரு சூத்திரம் வைத்திருந்தவர். மூவரும் முன்வைத்த யோசனை, படித்தவர்கள் 'இது நமக்கு ஏன் தோன்றவில்லை' என்று நெற்றியில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு எளியது.

அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குப் போவது ஒன்றுதான். நோய்க்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால், நோயுற்ற பிள்ளைகளுக்குக் குட்டை போனதும் நெட்டை போனதும் சரிபாதியாக இருக்க வேண்டும். போன பிரதியை நோயாளிப் பக்கம் வையுங்கள்; போகாமல் நின்ற பிரதியை ஒப்பீட்டுப் பக்கம் வையுங்கள். இரண்டும் ஒரே மனிதரின் உடம்பிலிருந்து வந்தவை. எந்த நாட்டு வம்சம், எந்தக் கலப்பு என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆரோக்கியமான அந்நியர்களைத் தேடி இரத்தம் கேட்டு அலையவும் வேண்டாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகளுக்கு நோய் வந்த 94 குடும்பங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றில் குட்டை ஒன்றும் வேறு வடிவம் ஒன்றுமாக வைத்திருந்த பெற்றோர் 57 பேர். அவர்களிடமிருந்து நோயுற்ற பிள்ளைகளுக்கு மொத்தம் 124 கைமாற்றங்கள். தற்செயல் என்றால் 62க்கு 62. நடந்தது என்ன? குட்டை 78 தடவை. மற்றது 46 தடவை. வித்தியாசம் 32; அதன் வர்க்கம் 1,024; அதை 124ஆல் வகுத்தால் 8.26. தற்செயலாக இவ்வளவு சாய்வு ஏற்பட ஆயிரத்தில் நான்கு வாய்ப்புத்தான்.

ஒன்பதாண்டு இழுபறியை முடித்து வைத்தது இந்த ஒற்றை வகுத்தல். இன்சுலின் மரபணுவின் வாசல் குற்றவாளிதான். முந்தைய குடும்ப ஆய்வுகள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கும் பதில் கிடைத்தது. குட்டை வடிவம் மக்களிடையே மிகச் சாதாரணம், அதன் தீங்கு சிறியது. இப்படிப்பட்ட மரபணுவை, அண்ணனும் தம்பியும் ஒரே பிரதியை வாங்கினார்களா என்று எண்ணும் முறையால் பிடிக்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேண்டும். கருவி மழுங்கல், அவ்வளவுதான்.

அந்தக் குட்டை வடிவம் செய்யும் வேலை 1997இல் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு குழுக்கள் தனித்தனியே தைமஸ் சுரப்பியைப் பார்த்தன. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பியில்தான் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு 'இது நம் உடம்பு, தொடாதே' என்று பயிற்சி நடக்கிறது. நெட்டை வடிவம் இருந்தால் அங்கே இன்சுலின் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகக் காட்டப்படுகிறது. அணுக்கள் இன்சுலினை நன்றாகப் பழகிக்கொள்கின்றன. குட்டை என்றால் பழக்கம் குறைவு. இன்சுலின் சுரக்கும் அணுக்களை எதிர்ப்பு அணுக்களே கணையத்தில் கொல்வதற்கான ஏற்பாடு நெஞ்சுக்குள், குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் அதுவரை இல்லை.

இதற்கிடையில் ஒரு காய்ச்சல் அடித்து ஓய்ந்தது. ஜான் டாட் இங்கிலாந்து திரும்பி, 1994இல் தன் குழுவோடு மனித மரபுத்தொகுதி முழுவதையும் சல்லடை போட்ட முதல் பெரும் முயற்சிகளில் ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலத்தில் அது அசாத்திய உழைப்பு. குரோமோசோம் குரோமோசோமாகப் புதுப்புது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். உலகெங்கும் பலர் சேர்ந்துகொள்ள எண்கள் பதினைந்தைத் தாண்டின. பின்னாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்தபோது எச்.எல்.ஏ. மட்டும் மலைபோல நின்றது. எண் வாங்கிய இடங்களில் பெரும்பாலானவை தரைமட்டமாயின. குடும்பங்கள் போதாதபோது தற்செயல் மேடுகளெல்லாம் சிகரமாகத் தெரியும். அந்த எண்களின் மேல் எத்தனை இளம் ஆய்வாளர்கள் தங்கள் முனைவர் பட்டத்தைக் கட்டினார்கள் என்று நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. டாட் இதில் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1998இல் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வகத்தை மாற்றியவர், இரண்டு காரியங்களில் இறங்கினார். பிரிட்டன் முழுவதும் குழந்தை மருத்துவமனைகளிலிருந்து டைப் 1 நோயுள்ள சுமார் எட்டாயிரம் பிள்ளைகளின் இரத்தம் சேகரிப்பது ஒன்று. நல்ல புள்ளியியலாளரைக் கொண்டுவருவது மற்றொன்று.

அப்படி வந்தவர் டேவிட் கிளேட்டன்.

1944இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நீரிழிவு ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேறொரு துறையில் ஏற்கெனவே பெரிய பெயர். 1978இல் லெஸ்டரில் இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். தகப்பனுக்கு இத்தனை வயதில் நோய் வந்தால் மகனுக்கு எப்போது, எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரே சூத்திரத்தில் அடக்கும் முயற்சி அது. குடும்ப நோய்க்காக எழுதிய அந்தச் சூத்திரத்தை இன்று அதிகம் பயன்படுத்துவது வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும். ஒரு கடன் மூழ்கினால் அடுத்ததும் சேர்ந்து மூழ்குமா என்று பார்க்க அவர்களுக்கு உதவுகிறதாம். கிளேட்டனின் பெயர் நிதிச்சந்தைப் பாடப்புத்தகத்தில் வருவது இப்படித்தான்.

1987இல் ஜான் கால்டருடன் சேர்ந்து ஸ்காட்லாந்தின் உதட்டுப் புற்றுநோயைக் கையில் எடுத்தார். 56 வட்டாரங்கள். ஜனங்கள் குறைந்த வட்டாரத்தில் இரண்டு பேருக்கு நோய் கூடுதலாக வந்தாலே வரைபடத்தில் அந்த இடம் செக்கச்செவேலென்று எரியும். அடுத்த ஆண்டு அணைந்துவிடும். எது நெருப்பு, எது எண்ணிக்கை குறைந்ததால் வரும் பொய்ச் சிவப்பு? ஒவ்வொரு வட்டாரத்தின் கணக்கையும் மற்ற எல்லா வட்டாரங்களின் கணக்கைக் கொண்டு சற்றுத் தணித்துப் பார்க்கும் வழியை இருவரும் காட்டினார்கள். நோய் வரைபடம் போடுவோருக்கு இன்றும் முதல் பாடம் அது. பிறகு சியாட்டிலின் நார்மன் ப்ரெஸ்லோவுடன் எழுதிய 1993ஆம் ஆண்டுக் கட்டுரை புள்ளியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுவனவற்றில் ஒன்றாயிற்று. அதே ஆண்டில் மைக்கேல் ஹில்ஸுடன் எழுதிய நோய்ப்பரவல் புள்ளியியல் நூலும் வந்தது. ஸ்பீல்மனின் கைமாற்றச் சோதனையும் அதே 1993.

அந்தச் சோதனை கிளேட்டனைப் பிடித்துக்கொண்டது. சில குடும்பங்களில் பெற்றோரில் ஒருவரின் இரத்தம் கிடைக்காது. பல இடங்களை ஒன்றாகப் பார்க்கும்போது எந்தப் பிரதி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிக் குழம்பிய குடும்பங்களைத் தூக்கி எறிந்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எறியாமல், ஐயத்தோடேயே கணக்கில் சேர்க்கும் வழியை 1999இல் எழுதி, அதற்கு நிரலும் எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையின் எல்லா வேலையிலும் இந்த ஒரு குணம் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது. தெரியாததை மறைக்காமல், எவ்வளவு தெரியாது என்பதையும் ஓர் எண்ணாக்கி உள்ளே வைத்துக்கொள்ளும் குணம்.

குடும்பங்களைக் கொண்டு செய்யும் சோதனை நேர்மையானது; ஆனால் செலவு கூடுதல். ஒரு நோயாளிக்கு மூன்று பேரின் இரத்தம் வேண்டும். சின்னச் சின்னத் தீங்குள்ள மரபணுக்களைத் தேட ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும் என்று தெரிந்த பிறகு எல்லோரும் பழைய வழிக்கே திரும்பினார்கள். நோயாளிகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். பீமா மக்களின் பாடம் மறக்கப்படவில்லை. 1999இல் பெர்னி டெவ்லினும் கேத்ரின் ரோடரும் ஒரு பரிகாரம் சொல்லியிருந்தார்கள். நோயோடு சம்பந்தமில்லாத ஏராளமான இடங்களிலும் சோதனையைச் செய்துபாருங்கள். அங்கேயெல்லாம் சராசரியாக எண் ஊதிப்போயிருந்தால், அந்த ஊதலே வம்சாவளிக் கலப்பின் அளவு. எல்லா முடிவையும் அந்த அளவுக்கு வற்றச் செய்யுங்கள்.

2005இல் கேம்பிரிட்ஜ் குழு அதைச் செய்து பார்த்தது. புரதத்தின் எழுத்தையே மாற்றும் 6,322 ஸ்னிப்புகள், அதாவது மரபணுவில் ஒற்றை எழுத்து மாறும் இடங்கள். நோயாளிகள் 816 பேர். ஒப்பீட்டுக்கு 877 பேர். இவர்கள் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்து, குழந்தையிலிருந்தே மருத்துவர்களால் தொடரப்பட்டு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள். இதைவிட நல்ல ஒப்பீட்டுக் குழு கிடைப்பது அரிது. ஊதல் எவ்வளவு? 11.2 சதவீதம்.

வேறொருவராக இருந்தால் "வம்சாவளிக் கலப்பு" என்று எழுதி, எண்ணை வற்றவைத்து, அடுத்த வேலைக்குப் போயிருப்பார். பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்துக்கும் தென் இங்கிலாந்துக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? இருந்தது. வட்டாரத்தைக் கணக்கில் எடுத்தபோது ஊதல் கொஞ்சம் வற்றியது. கொஞ்சம்தான். மிச்சம் வற்ற மறுத்தது. கிளேட்டன் குழு அங்கே நிற்காமல் மூலத் தரவைத் தோண்டியது.

ஸ்னிப்பை எந்திரம் எப்படிப் படிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். ஒவ்வொருவரின் டி.என்.ஏ.யும் இரண்டு நிறத்தில் ஒளிரும். ஓர் எழுத்துக்கு ஒரு நிறம், மற்றதற்கு மற்றது, இரண்டும் இருந்தால் கலவை. எல்லோரையும் வரைபடத்தில் புள்ளி வைத்தால் மூன்று திரள்களாகச் சேரும். எந்தப் புள்ளி எந்தத் திரள் என்று நிரல் முடிவு செய்யும். இரண்டு திரளுக்கும் நடுவில் விழுகிறவர்களை 'தெரியவில்லை' என்று ஒதுக்கிவிடும். பிரச்சினை இங்கேதான் ஒளிந்திருந்தது. நோயாளிகளின் டி.என்.ஏ. ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது; ஒப்பீட்டுக் குழுவின் டி.என்.ஏ. வேறோர் ஆய்வகத்திலிருந்து. பிரித்தெடுத்த விதத்தில் இருந்த நுண்ணிய வேறுபாட்டால் ஒரு குழுவின் திரள்கள் சற்று நகர்ந்தும் பரந்தும் கிடந்தன. ஆகவே ஒரு குழுவில் ஒரு வகை ஆட்கள் கூடுதலாக 'தெரியவில்லை'க்குள் போனார்கள். அந்தச் சின்ன இழப்பு, இரண்டு குழுக்களுக்கும் மரபணு வேறுபாடு இருப்பதுபோலக் காட்டியது. வற்ற மறுத்த மிச்சத்துக்குக் காரணம் எச்.எல்.ஏ.வும் இல்லை, வம்சமும் இல்லை. வித்தியாசம் குப்பியில் இருந்தது.

அந்த ஆண்டு 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை ஒரு புதிய மரபணுவையும் அறிவிக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த பெரும் ஆய்வுகள் அனைத்தின் நடைமுறையிலும் அதன் தடம் இருக்கிறது. சந்தேகமான ஸ்னிப்பை அப்படியே குப்பையில் போடாமல், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நம்பகம் என்று பார்த்து அதற்கேற்ப எடை குறைக்கும் முறையையும் சேர்த்தே கொடுத்தார்கள். எறிந்துவிட்டால் நல்லதும் போய்விடுமே! அது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல என்பதை இந்த அத்தியாயத்தின் கடைசியில் பார்ப்போம்.

2007 ஜூனில் வெல்கம் அறக்கட்டளையின் கூட்டாய்வு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஏழு நோய்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம் நோயாளிகள், எல்லோருக்கும் பொதுவாக மூவாயிரம் ஒப்பீட்டு ஆட்கள், ஆளுக்கு ஐந்து லட்சம் ஸ்னிப்புகள். ஏழில் ஒன்று டைப் 1 நீரிழிவு. மூவாயிரத்தில் பாதிப் பேர் 1958ஆம் ஆண்டுக் குழந்தைகள். பாதிப் பேர் இரத்த தானம் செய்தவர்கள். நோயாளிகளைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு ஆரோக்கியமான கூட்டத்தையே ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தார்கள். இவர்களுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தால் மற்றதெல்லாம் வீண். தெரியவில்லை, அதன் பிறகே இரண்டையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு வலுவான அறிகுறிக்கும் மூன்று திரள்களின் படத்தை மனிதக் கண்ணால் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

இதிலும் ஒரு வேடிக்கை. ஸ்னிப்புகளைப் படிக்கப் பயன்படுத்திய சில்லில் இன்சுலின் மரபணுவின் இடம் சரியாகப் பிடிபடவில்லை. ஸ்பீல்மன் காலத்துச் சண்டை எதற்காக நடந்ததோ, அந்த இடத்தைப் பற்றி ஐந்து லட்சம் ஸ்னிப்புகளால் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பழைய குடும்ப ஆய்வு மட்டும் இல்லாதிருந்தால் 2007இலும் அது தெரியாமலே போயிருக்கும்.

அதே நாட்களில் டாட், கிளேட்டன் குழு தன் தனிச் சரிபார்ப்பை வெளியிட்டது. கூட்டாய்வில் சேராத 4,000 நோயாளிகள், 5,000 ஒப்பீட்டு ஆட்கள், கூடவே தாய் தந்தை பிள்ளை என்று 2,997 குடும்பங்கள். குடும்பங்களில் அதே 1993ஆம் ஆண்டுக் கைமாற்றக் கணக்குத்தான். 12, 16, 18ஆம் குரோமோசோம்களில் நான்கு புதிய இடங்கள் இரு வழியிலும் தேறின. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜெஃப்ரி பாரெட்டும் தோழர்களும் 7,514 நோயாளிகளையும் 9,045 மற்றவர்களையும் ஒன்றாக்கிப் பார்த்தபோது பட்டியல் 41 இடங்களாக நீண்டது. இவற்றில் பெரும்பாலானவை பழைய எண் காய்ச்சல்போல அணையவில்லை.

இவ்வளவையும் எந்தக் கணினியில் போட்டார்கள்? பதினேழாயிரம் பேர், ஐந்து லட்சம் இடங்கள்: 850 கோடி விடைகள். ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மொழியில் சாதாரணமாக ஏற்றினால் ஒரு விடைக்கு நான்கு பைட். அன்றைய எந்திரங்கள் மூச்சடைத்துவிடும். கிளேட்டனும் ஹின்-டாக் லியூங்கும் ஒரு விடையை ஒரே பைட்டில் அடைக்கும் நிரல் தொகுப்பை எழுதி 2007இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். பின்னர் வந்த பதிப்பில் அந்த ஒரே பைட்டுக்குள் இன்னொன்றையும் நுழைத்தார் கிளேட்டன். இவருக்கு இந்த எழுத்து என்று திட்டவட்டமாக மட்டுமல்லாமல், 'பெரும்பாலும் இது, ஆனால் அதுவாகவும் இருக்கலாம்' என்பதையும் அதில் எழுதி வைக்கலாம். அறுபது வயதைத் தாண்டிய பேராசிரியர் உட்கார்ந்து நிரல் எழுதுவதை நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் கௌரவமாக நினைப்பார்கள் என்று தெரியவில்லை.

இடம் கிடைத்தாலும் மரபணு கிடைத்துவிடாது என்பது அடுத்த தலைவலி. 16ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவின் உள்ளே அறிகுறி கிடைத்தது. எல்லோரும் அந்த மரபணுவையே பிடித்துக்கொண்டார்கள். 2012இல் கேம்பிரிட்ஜின் அதே ஆய்வகம், அந்தத் துண்டு மடங்கிப் போய் பக்கத்திலுள்ள வேறொரு மரபணுவைத் தொடுகிறது, அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கிறது என்று காட்டியது. இன்று வரை அங்கே வாதம் ஓயவில்லை.

இத்தனை இடம் தெரிந்த பிறகு, என் இரண்டாவது பிள்ளைக்கு வருமா என்று கேட்கும் தாய்க்கு என்ன பதில்? கிளேட்டன் 2009இல் இதைப் பற்றியே, டைப் 1 நீரிழிவை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வருமுன் சொல்லும் விஷயத்தில் அவர் உற்சாகக் கூட்டத்தில் சேரவில்லை. எச்.எல்.ஏ.வின் மிக மோசமான சேர்க்கை அமைந்த குழந்தையை எடுத்தாலும் நோய் வருவது இருபதில் ஒன்றுக்குத்தான். பத்தொன்பது குழந்தைகள் சும்மா பயந்ததுதான் மிச்சம். பிரயோஜனம் வேறு பக்கத்தில் கிடைத்தது. 2016இல் எக்ஸிட்டர் நகரத்தின் ரிச்சர்ட் ஓரமும் தோழர்களும் முப்பது ஸ்னிப்புகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் உருவாக்கினார்கள். ஏற்கெனவே சர்க்கரை வந்துவிட்ட இளைஞருக்கு வந்திருப்பது டைப் 1ஆ, 2ஆ என்று பிரிக்க அது உதவுகிறது. மாத்திரையா, ஆயுள் முழுக்க ஊசியா என்ற கேள்வி அது; நம் நாட்டில் ஒல்லியானவர்களுக்கும் டைப் 2 வருவதால் இங்கே குழப்பம் இரட்டிப்பு. ஐரோப்பியரிடம் உருவான அந்த மதிப்பெண் இந்தியரிடமும் வேலை செய்கிறதா என்று புனேயில் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். செய்கிறது.

இனி, 2005இன் அந்த 6,322க்குத் திரும்புவோம். போலி அறிகுறிகள் நிறைந்த அதே தரவை, எடை குறைக்கும் முறையோடு, மேலும் ஆட்களைச் சேர்த்துச் சலித்தபோது ஒன்று மட்டும் விடாப்பிடியாக நின்றது. டெபோரா ஸ்மித் முதல் ஆசிரியராக 2006இல் அதை அறிவித்தார்கள். ஐ.எஃப்.ஐ.எச்.1 என்ற மரபணு, 2ஆம் குரோமோசோமில். அதன் புரதம் அணுவுக்குள் நுழைந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடித்து அபாயச் சங்கு ஊதுவது.

அப்படியானால் அந்தச் சங்கு பழுதடைவதால் நோய் வருகிறதா, உரக்க ஒலிப்பதால் வருகிறதா? செர்கெய் நெஜென்ட்செவ், டாட் குழு 480 நோயாளிகளிலும் 480 மற்றவர்களிலும் பத்து மரபணுக்களை எழுத்து விடாமல் படித்து 2009இல் 'சயன்ஸ்' இதழில் விடை சொன்னது. ஐ.எஃப்.ஐ.எச்.1ஐச் சிதைக்கும் நான்கு அபூர்வ மாறுதல்கள் இருக்கின்றன; அவற்றைச் சுமப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குறைகிறது, சில மாறுதல்களில் ஏறக்குறைய பாதியாக. சங்கு கெட்டவர்கள்தான் தப்பிக்கிறார்கள். அந்தப் புரதம் மோப்பம் பிடிக்கும் வைரஸ்களில் குடலில் வாழும் என்டரோவைரஸ் குடும்பம் முக்கியமானது; அதே குடும்பத்தின் மேல் ஃபின்லாந்து மருத்துவர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண் வைத்திருந்தார்கள்.

(அடுத்த அத்தியாயம்: உலகிலேயே டைப் 1 நீரிழிவு அதிகமுள்ள ஃபின்லாந்தில் பிறந்த குழந்தைகள்)